வாயுவை உண்ணும் நுண்ணுயிர்களும் நம் கடமையும்

உயிர்கள் யாவும் உண்டே வாழ்கின்றன. ஆயினும், எரியும் வாயுவையே உணவாகக் கொண்டு வாழும் உயிர்களும் உளவெனின் கேட்போர் வியப்புறுவர். மீத்தேன் என்னும் சதுப்பு வாயுவை 1776-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, மஜ்ஜோரே ஏரிச் சேற்றைக் கிளறிச் சேகரித்தார். அவ்வாயுவை உண்ணும் பாக்டீரியாவை 1906-இல் ஹாலந்து தேசத்து அறிஞர் சோங்கன் பிரித்தெடுத்தார். 1970-இல் ஆங்கில அறிஞர் விட்டன்பரியும் அவர்தம் துணைவரும் இத்தகையவற்றுள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைப் பிரித்தெடுத்து வகைப்படுத்தினர்.

கடலிலும் இவ்வினம் உண்டு. கடலடிச் சேற்றில் ஊறும் மீத்தேனிற் பெரும்பகுதி, மேலே எழுமுன்னரே நுண்ணுயிர்களால் உண்ணப்பட்டு விடுகிறது. பிராணவாயு அற்ற அவ்வாழத்தில் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள், சல்பேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியாவோடு கூட்டாளிகளாய் நின்று இத்தொழிலைச் செய்கின்றன. நம் வங்கக் கடலில் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் 2006-ஆம் ஆண்டு உறைந்த மீத்தேன் படிவங்கள் துளையிட்டு எடுக்கப்பட்டன. 2018-இல் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் அங்கே மீத்தேன் கசியும் இடத்தையும், அதனைச் சார்ந்து வாழும் உயிர்க்கூட்டத்தையும் கண்டனர்.

நிற்க. "கப்பலும் பெரும்பொருளும் உடையோர்க்கன்றோ இவ்வாராய்ச்சி? கடலே காணாத சேலம், நாமக்கல் சமவெளியில் உள்ள நமக்கு இஃது எற்றுக்கு?" என வினவுவாரும் உளர். அக்கூற்றை யாம் ஒப்புவதற்கில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது அறிவுடைமையாகாது. மரவள்ளிக் கிழங்கை அரைக்கும் ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீர் தேங்கும் குட்டைகளிலும், மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் காவிரிப் பாசன நெல்வயல்களிலும், நம் ஏரிச் சேற்றிலும் மீத்தேன் பிறக்கிறது. அது பிறக்குமிடத்தே, காற்றும் சேறும் கூடும் எல்லையில், அதனை உண்போரும் குடியிருப்பர். புனேயிலுள்ள அகர்கர் ஆராய்ச்சி நிலையத்தார், வெள்ளரிக்காய் வடிவினதாகிய ஒரு புதிய பாக்டீரியாவை நெற்பயிரின் வேரடியிலேயே கண்டு 2018-இல் உலகிற்கு அறிவித்தனர். அதற்குக் கப்பல் வேண்டியிருந்ததில்லை.

வேண்டுவது பொறுமையே. சர்க்கரை முதலிய உணவு யாதும் கலவாத உப்புநீரில் சிறிது செம்புச் சத்தைச் சேர்த்து, சேற்றில் ஒரு துளி இட்டு, காற்றும் மீத்தேனும் நிரப்பிய குப்பியை இறுக மூடி வைத்தல் வேண்டும். சில நாட்களிலோ வாரங்களிலோ நீர் கலங்கும். கலங்கியதும் வேலை முடிந்ததென்று எண்ணற்க. மீத்தேனை உண்பவை கழிக்கும் பொருளை உண்டு வாழும் வேறு நுண்ணுயிர்களும் உடன் வளரும். அவற்றை நீக்கத் திரும்பத் திரும்ப நீர்த்தும், தட்டுகளிற் பரப்பியும் பல மாதங்கள் முயல வேண்டும்.

இங்கேதான் நம் கல்விமுறை தடையாகிறது. மூன்று மணி நேரத்தில் முடிவதே செய்முறைப் பாடம் என்று நாம் பழகிவிட்டோம். மாதக் கணக்கில் வளரும் உயிர்க்குப் பரீட்சைக் கால அட்டவணை தெரியாது. ஆதலின், மூத்த மாணாக்கர் தொடங்கிய குப்பிகளை இளைய மாணாக்கர் ஏற்று நடத்தும் வழக்கம் நம் ஆராய்ச்சிசாலையில் ஏற்படுதல் வேண்டும் என்பது எம் கருத்து. காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை மீத்தேன் கலப்பின் தீப்பொறியால் வெடிக்குமாதலின், ஆசிரியர் மேற்பார்வை இன்றியமையாதது.

இதனாற் பயன் யாதெனின், கூறுதும். நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை மீத்தேன் கரியமில வாயுவினும் ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடேற்ற வல்லது. ஆலைக் கழிவுநீரில் எழும் வாயுவை மூடிய தொட்டியிற் பிடித்து எரிபொருளாக்குவதே முதற் கடமை. சில ஆலையார் அதனைச் செய்தும் வருகின்றனர். நுண்ணுயிர் அக்கடமையைத் தள்ளிவிடச் சாக்காகாது. ஆனால் எரிப்பதற்குப் போதாத அளவில் வயலிலும் குட்டையிலும் கசிந்து செல்லும் வாயுவை, தீயினால் அழித்தல் அரிது. இச்சிற்றுயிர்களே உண்ண வல்லன. அவை எவை, எந்நிலையில் செழிக்கும், எதனால் நலியும் என்பதை இம்மண்ணிற் பிறந்தவர் ஆராயாவிடின் வேறு யார் ஆராய்வர்?

பழைய மாணவர்கள் சில குப்பிகளும் கருவிகளும் உதவுவாராக. ஆசிரியர்கள் காலம் உதவுவாராக. மாணாக்கர் பொறுமை உதவுவாராக. ஊர்க் குட்டையின் நாற்றத்திற்கு மூக்கைப் பொத்திக்கொண்டு விலகும் நாம், ஒருமுறை குப்பியோடு அங்கே குனிவோமாக.