காய்க்கிற மரத்தின் மேல் என்ன கோபம்?

நாங்கள் மாதாமாதம் கூடுகிற மண்டபத்தின் பின்வளவில் மூன்று கிறாப் அப்பிள் மரங்கள் நிற்கின்றன. இந்த இலையுதிர் காலத்தில் மூன்றையும் தறித்துவிட்டு, காய்க்காத பூமரம் மூன்று வைப்பது என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் கை உயர்த்தச் சொல்லிக் கேட்பார்கள். அதற்கு முதல் இதை ஒருக்கால் வாசித்துவிடுங்கள். கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். அதிலே இரண்டு நிமிடம் ஒலிவாங்கியோடு மல்லுக்கட்டுவதில் போய்விடும்.

யோசனை சொன்னவரோடு எனக்கு ஒரு மனக்கசப்பும் இல்லை. ஆனால் அவர் சொன்ன காரணங்களைக் கேட்டபோது சும்மா இருக்க முடியவில்லை. "காய் விழுந்து வளவெல்லாம் ஊத்தை. குளவி வருது. வாயிலை வைக்கேலாத புளிப்பு. ஒருத்தருக்கும் பிரயோசனமில்லாத மரம்."

பிரயோசனமில்லாத மரமா? முதலில் அது என்ன மரம் என்றாவது தெரிந்துகொள்வோமே.

கிறாப் அப்பிள் என்றால் எல்லாம் ஒன்றல்ல. எங்கள் ஆட்கள் பகிடியாக "நண்டு அப்பிள்" என்று சொல்லி அத்தோடு விட்டுவிடுவார்கள். பட்டாணி அளவில் காய்க்கிறதும் உண்டு, கோழிமுட்டையை நெருங்குகிறதும் உண்டு. மண்டபத்து மரங்களின் பழம் நாவற்பழத்தை விடக் கொஞ்சம் பெரிது, நீள்வட்டம், பளபளவென்ற சிவப்பு. வைகாசியில் வெள்ளைப் பூ. ஆவணி முடிய முதல் பழுத்துக் கொட்டிவிடும். அதன் பெயர் டொல்கோ. நீளம் என்ற பொருளுள்ள ரஷ்யச் சொல்லிலிருந்து வந்தது.

இந்தப் புல்வெளிப் பிரதேசத்துக்கு முதலில் வந்து குடியேறிய வெள்ளைக்கார விவசாயிகள் கிழக்கிலிருந்து அப்பிள் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார்கள், அவை செத்தன. திரும்ப நட்டார்கள், திரும்பவும் செத்தன. சைபர் பாகைக்குக் கீழே நாற்பது போகிற ஊர் இது. (சைபருக்குக் கீழே நாற்பதில் செல்சியஸும் பரனைற்றும் ஒன்றாகிவிடும். அந்தக் குளிரில் இரண்டு அளவுகோலுக்கும் சண்டை பிடிக்கத் தெம்பில்லை என்று நினைக்கிறேன்.) அந்தக் குளிரைத் தாங்கிய அப்பிள் இனம் சைபீரியாவின் காட்டுக் கிறாப் ஒன்றுதான். ஒட்டாவாவில் மத்திய பரிசோதனைப் பண்ணையை நடத்திய வில்லியம் சோண்டர்ஸ் அதன் விதையை ரஷ்யாவிலிருந்து எடுப்பித்து, எங்கள் மாகாணத்து பிரண்டனிலும் சஸ்கச்சுவான் இந்தியன் ஹெட்டிலும் வளர்க்க வைத்தார். அது நின்று பிடித்தது. பிறகு அதைப் பெரிய அப்பிளோடு கலந்து புதிய மரங்களை உண்டாக்கினார்.

எங்களுக்குத் தெற்கே, தென் டகோட்டாவில், நீல்ஸ் ஹான்சன் என்று ஒரு பேராசிரியர். டென்மார்க்கில் பிறந்தவர். 1897இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் குளிர் தாங்கும் பயிர்களைத் தேடிவர அவரை ரஷ்யாவுக்கு அனுப்பியது. புல், தானியம், பழம் என்று அகப்பட்டதெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்தார். ரஷ்யாவிலிருந்து வந்த விதையை வளர்த்து, அதிலே திறமானதைத் தெரிந்தெடுத்து, 1917இல் அவர் வெளியே விட்ட மரம்தான் டொல்கோ. நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அந்த மரத்திலிருந்து கொப்பு வெட்டி ஒட்டி, அதிலிருந்து வெட்டி இன்னொன்றில் ஒட்டி, கை மாறிக் கை மாறி வந்து எங்கள் மண்டபத்துப் பின்வளவில் நிற்கிறது. இதை வைத்து அகதி, வேர், புலம்பெயர்வு என்று ஒரு கவிதை எழுத நான் வரவில்லை. அதை எழுத ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது, அதை உண்டாக்குவதற்கு ஆட்கள் ஆயுளைக் கொடுத்திருக்கிறார்கள் என்பது.

இப்போது அதற்குப் பதிலாக வைக்கப்போகிற மரத்துக்கு வருவோம். ஸ்பிரிங் ஸ்னோ என்று பெயர். வெள்ளைப் பூ பூக்கும், காய்க்காது. மலடு என்பதுதான் அதை விற்கிறவர்கள் சொல்லும் பெரிய சிறப்பு. அப்பிள் விதையைப் போட்டால் தாயைப் போலப் பிள்ளை முளைக்காது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஒட்டு மாங்கன்று வைத்தவர்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. அப்படி சஸ்கச்சுவானில் பார்க்சைட் என்ற சின்ன ஊரில் முளைத்த ஒரு டொல்கோ விதைதான் இந்த ஸ்பிரிங் ஸ்னோ. அதாவது, காய்க்கிற தாயைத் தறித்துவிட்டு காய்க்காத பிள்ளையைக் காசு கொடுத்து வாங்கி நடப்போகிறோம். அதிலும் ஒன்று: அப்பிள் இலையில் கறுப்புப் புள்ளி விழுகிற கறைநோய் டொல்கோவை லேசில் அண்டாது. ஸ்பிரிங் ஸ்னோவுக்கு அது நன்றாகவே பிடிக்கும். மழை கூடின வருஷங்களில் நடுக்கோடையிலேயே இலை மஞ்சளாகிக் கொட்டும். பழக் குப்பை வேண்டாம் என்று வைக்கிற மரத்தின் கீழே இலைக் குப்பை கூட்டப்போகிறோம்.

பின்தெருவில் சிலர் வீட்டில் குட்லாண்ட் அப்பிள் வைத்திருக்கிறீர்கள். எங்கள் மாகாணத்து மோர்டன் ஆராய்ச்சி நிலையம் தந்த நல்ல இனம். அப்பிள் தன் மகரந்தத்தில் தானே ஒழுங்காகக் காய்க்காது. பக்கத்தில் வேறு இன அப்பிளோ கிறாப்போ பூத்து நிற்கவேண்டும். தேனீ எல்லைக்கல் பார்த்துப் பறக்கிறதில்லை. மண்டபத்து மரங்கள் மூன்றும் பூக்கிற பூவில் உங்கள் மரத்துக்கும் பங்கு இருக்கிறது. மலட்டு மரத்தை நம்பி அந்தப் பங்கை எதிர்பார்க்க முடியாது. தறித்து இரண்டு வருஷம் கழித்து "ஏனோ இந்த முறை காய் குறைவு" என்று என்னிடம் வந்து கேட்காதீர்கள்.

சரி, புளிப்பு. இதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். புளிக்கிறது என்பதற்காக ஒரு பழத்தைப் பிரயோசனமில்லாதது என்று ஒரு தமிழன் சொல்லலாமா? பிலிம்பிக்காயை யார் இனிப்புக்காகத் தின்றது? அம்பரலங்காய் என்ன தேனா? புளியங்காய்க்கு உப்புத் தொட்டு, பல் கூசக் கூசத் தின்ற வாய்தானே இது? கொழும்பிலிருந்து கொறுக்காய்ப்புளி வருவித்து மீன் குழம்புக்குப் போடுகிறோம். தாய்லாந்துப் புளிக்கு டொலர் கொடுக்கிறோம். போத்தலில் அடைத்த மாங்காய் ஊறுகாயை இந்தியக் கடையில் வாங்கி, அதில் எண்ணெய் கூட, உப்புக் கூட என்று குறை சொல்லிச் சொல்லி முடிக்கிறோம். மண்டப வாசலில் வாளி வாளியாகப் புளிப்பு கொட்டிக் கிடக்கிறது, அது மட்டும் ஊத்தை!

எங்கள் வீட்டில் மனைவி செய்கிற விதம் இது. கழுவி, காம்பு எடுத்து, நாலாக வெட்டி, நடுவிதையை நீக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ஒரு நாள் வைத்து, கடுகும் வெந்தயமும் தாளித்துக் கொட்டினால் ஊறுகாய். தயிர்ச்சோற்றோடு ஒரு துண்டு போதும். (விதையில் நஞ்சு என்று ஒருவர் சொன்னார். எல்லா அப்பிள் விதையிலும் இருக்கிறதுதான். விதையை அரைத்துத் தின்றால்தான் பிரச்சினை; கடை அப்பிளைக் கடித்துவிட்டு நடுவை எறிகிற மாதிரி இதையும் எறியுங்கள்.)

ஜெலிதான் இந்தப் பழத்தின் அசல் உத்தியோகம். பழத்திலேயே பெக்ரின் நிறைய உண்டு. கடையில் பெட்டியில் விற்கிற தூள் தேவையில்லை. முழுக்கப் பழுத்ததோடு கொஞ்சம் அரைப்பழமும் சேர்த்தால் இன்னும் நன்றாக இறுகும். பழம் மூடுமட்டும் தண்ணீர் விட்டு, மசியும்வரை அவித்து, வெள்ளைத் துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். பிழியக் கூடாது, பிழிந்தால் கலங்கும். காலையில் சட்டியில் நிற்கிற சாறு ரோசா நிறம். ஒரு கப் சாறுக்கு முக்கால் கப் சீனி. 105 பாகை செல்சியஸ் வரும்வரை கொதிக்கவிட்டு, சுடுதண்ணீரில் அவித்தெடுத்த போத்தலில் ஊற்றினால் மாணிக்கக்கல் மாதிரி இறுகும். எங்களில் பாதிப்பேருக்குச் சீனி வருத்தம் என்பது தெரியும். ஊறுகாய் என்றால் மற்றப் பாதிக்குப் பிரஷர். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்தானே, பாணில் பூசிக் கொடுங்கள்.

குளவி வருவது உண்மை. குளவிக்கு வேண்டியது நிலத்தில் கிடந்து அழுகுகிற பழம். பழுக்கிற நேரம் இறக்கி எடுத்தால் அதற்கு அங்கே வேலை இல்லை. போன வருஷம் நானும் இன்னும் மூன்று பேரும் ஒரு சனிக்கிழமை போய், ஒரு மரத்தில் மட்டும் ஏழு வாளி எடுத்தோம். மற்ற இரண்டையும் தொட ஆள் இல்லை. அவைதான் விழுந்து அழுகின. அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட ஆள் இருந்தது. இரண்டு சனிக்கிழமை, பத்துப் பேர், அவ்வளவுதான் கேட்கிறேன். ரொறன்ரோவில் நொட் ஃபார் ஃப்ரொம் த ட்ரீ என்று ஒரு அமைப்பு, வீட்டுக்காரர் இறக்க முடியாத பழத்தைத் தொண்டர்களை வைத்து இறக்கி, மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்கு, ஒரு பங்கு தொண்டருக்கு, ஒரு பங்கு உணவு தேவைப்படுகிறவர்களுக்கு என்று பிரிக்கிறது. அதே கணக்கை நாங்களும் போடலாம்.

ஊத்தை என்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஊரில் விடியற்காலை முற்றம் கூட்டாத வீடு உண்டா? மாவிலை, பலாச்சருகு, வேப்பம்பூ என்று ஒவ்வொரு நாளும் கூட்டினோம். அதற்காக மாவைத் தறித்தோமா? பனம்பழம் தொப்பென்று விழுகிற சத்தம் கேட்டு இருட்டோடு ஓடிப் பொறுக்கின ஆட்கள் இந்த மண்டபத்தில் குறைந்தது இருபது பேர் இருக்கிறீர்கள். இங்கே ஐந்து மாதம் பனி அள்ளுகிறோம். இரண்டு கிழமை பழம் பொறுக்க முடியாதா?

நியாயமான குறை ஒன்று இருக்கிறது, அதை மறைக்கவில்லை. வாசல் பக்கத்து மரத்தின் ஒரு கொப்பு சக்கர நாற்காலிப் பாதைக்கு மேலே சரிந்து நிற்கிறது. அங்கே பழம் விழுந்து நசிந்தால் வழுக்கும், வயதான ஆட்கள் விழுவார்கள். அந்தக் கொப்பை வெட்டவே வேண்டும். ஒரு கொப்புக்காக மூன்று மரத்தையும் தறிக்கிறது என்ன வைத்தியம்? கால் நகம் வளர்ந்தால் காலையா எடுக்கிறோம்?

"மரத்துக்கு வயது போய்விட்டது" என்றும் ஒருவர் சொன்னார். எங்கள் கூட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல நல்ல துணிவு வேண்டும்.

ஆகவே கூட்டத்தில் நான் வைக்கப்போகிற மாற்று யோசனை: தறிக்கிறது இல்லை. கொப்பு வெட்டுகிறது மார்ச்சில், மொட்டு விரிய முதல். பழம் இறக்குகிறது ஆவணிக் கடைசியில் இரண்டு சனிக்கிழமை. தறிக்க ஒதுக்கின காசில் ஒரு சின்னத் தொகைக்கு வாளியும் பழம் பறிக்கிற நீளத்தடி இரண்டும் வாங்கலாம், மிச்சம் மண்டபக் கூரைக்குப் போகட்டும். அது ஒழுகுகிறது; அதைப் பற்றி யாரும் யோசனை கொண்டுவரவில்லை.

ஜெலி போத்தல் ஆறு கூட்டத்துக்குக் கொண்டுவருவேன். கரண்டியை ஆளுக்கொன்று கொண்டு வாருங்கள். பன்னிரண்டடி ஏணி வைத்திருக்கிறவர்கள் எனக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கள். என்னுடையது ஆறடிதான், மேல்கொப்புக்கு எட்டாது.