குண்டு விழுந்த ஊரில் கூலிக்கு வந்தவர்கள்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6 வரும்போது ஹிரோஷிமாவை நினைத்துப் பெருமூச்சு விடுகிறோம். அந்த நகரில் மாண்டவர்கள் யார் யார் என்று நாம் கேட்டதுண்டா?

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமா மீதும், 9ஆம் தேதி நாகசாகி மீதும் அமெரிக்கா அணுகுண்டு வீசியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறக்குறைய 1,40,000 பேரும், நாகசாகியில் சுமார் 70,000 பேரும் மாண்டனர். இவர்கள் எல்லோரும் ஜப்பானியர் அல்லர். குண்டுக்கு இரையானவர்களில் பல்லாயிரம் கொரியர்களும் உண்டு. கொரியா அன்று ஜப்பானின் அடிமை நாடு. வயிற்றுப்பாட்டுக்காகக் கடல் கடந்து வந்தவர்கள் சிலர். போர்க்கால ஆலைகளுக்கும் கப்பல் கட்டும் துறைக்கும் கட்டாயமாக இழுத்து வரப்பட்டவர்கள் பலர்.

குண்டு செய்த கதையும் இதுதான். அதற்கு வேண்டிய யுரேனியத்தின் பெரும்பகுதி, பெல்ஜியத்தின் பிடியில் இருந்த காங்கோ நாட்டின் ஷிங்கோலோப்வே சுரங்கத்திலிருந்து வந்தது. வெட்டியவர்கள் கறுப்பினக் கூலிகள். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ், ஹான்ஃபோர்டு ஆலைகளில் உழைத்தவர்களில் பெரும்பாலோருக்கும் தாங்கள் செய்வது இன்னதென்று சொல்லப்படவில்லை. 200 கோடி டாலர் கொட்டி, எந்த நகரம் எரிய வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் மேலே இருந்த சிலரே.

உயிர் பிழைத்துச் சொந்த நாடு திரும்பிய கொரியர்களுக்கு என்ன கிடைத்தது? ஜப்பானை விட்டு வெளியேறினால் உதவித்தொகை கிடையாது என்று 1974இல் ஜப்பான் அரசு உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் விடாமல் வழக்காடிய பிறகு, 2003இல்தான் அது நீங்கியது. 1970இல் எழுப்பிய நினைவுக்கல்லுக்கும் அமைதிப் பூங்காவுக்குள் இடமில்லை. 1999இல்தான் உள்ளே வந்தது. குண்டு குடியுரிமை பார்த்து விழவில்லை. நிவாரணம் மட்டும் குடியுரிமை பார்த்தது. ஊர் விட்டு ஊர் வந்து, அடையாளச் சீட்டுக்காக அலுவலக வாசலில் நின்ற நமக்கு இந்த வேதனையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் அணுகுண்டைப் பெருமையாகப் பேசுவோர் உண்டு. அவர்களிடம் நாம் ஒன்று கேட்போம். எதிரி குறிவைப்பது ஆலையும் துறைமுகமும் உள்ள நகரங்களைத்தானே? அந்த ஆலை வாசலிலும் துறைமுக ஓரத்துக் குடிசையிலும் குடியிருப்பவர்கள் யார்? பிழைக்க வந்த நாமும் நம் பிள்ளைகளும்தான். எந்த நாட்டின் கையில் இருந்தாலும் அணுகுண்டு உழைப்பவனுக்குக் காவல் அல்ல. இந்த ஆகஸ்ட் 6 அன்று இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.