விரலை ஐஸ் பெட்டியில் போடலாமா?

சகோதரிகளே, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாளிடம் நான் பேரம் பேசுவதில்லை. அந்த அம்மாளின் வீட்டுக்காரருக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. விசைப்படகில் விஞ்ச் இழுத்துக்கொண்டது.

கடலோரத்தில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். விஞ்ச் என்பது நம் கிணற்று ராட்டினத்துக்குப் பெரியண்ணன். ராட்டினம் நாம் இழுத்தால்தான் சுற்றும். இதை என்ஜின் சுற்றுகிறது. கடலடியில் கிடக்கும் இழுவை வலையின் கம்பிக் கயிறு இதில்தான் வந்து சுற்றிக்கொள்ளும். அது சீராகச் சுற்ற வேண்டுமே என்று ஒருவர் பக்கத்திலேயே நிற்பார். காலடியில் மீன் வழுக்கல், படகின் ஆட்டம், ராத்தூக்கம் இல்லாத கண். கைலி நுனி, கையுறை, மோதிரம் எது மாட்டினாலும் போதும். என்ஜினிலிருந்து வரும் பெல்ட்டும் செயினும் மூடியில்லாமல் சுற்றும் படகுகளும் உண்டு.

"துண்டுதான்ம்மா முதல்ல மாட்டுச்சு. துண்டை உருவப் போயி விரலு போச்சு" என்றார் அந்த அம்மாள். கூட இருந்தவர்கள் பதறினாலும், விரல்களைத் தேடியெடுத்து மீன் வைக்கிற ஐஸ் பெட்டிக்குள்ளேயே போட்டுக் கொண்டுவந்தார்கள். கரையில் டாக்டர் பார்த்துவிட்டு, ஐஸ் நேரே பட்டுச் சதை செத்துவிட்டது, ஒட்டவைக்க வழியில்லை என்று சொல்லிவிட்டாராம். எனக்கு இதுதான் தாங்கவில்லை. ஐஸ் கையிலேயே இருந்தும் விரல் போயிற்றே!

அறுந்த உறுப்பை ஒட்டவைப்பது இன்று நேற்று வந்த வித்தையல்ல. 1962-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 12 வயதுப் பையனின் அறுந்த கையைச் சேர்த்துத் தைத்தார்கள். 1965-ல் ஜப்பானில் கட்டைவிரலை ஒட்டவைத்தார்கள். நம் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஆனால் விரல் கெடாமல் வந்து சேர்ந்தால்தானே டாக்டரும் ஏதாவது செய்ய முடியும்?

ஐஸ் நேரே பட்டால் சதை உறைந்து பாழாகிறது. உப்புத் தண்ணீர் கலந்தால் குளிர் இன்னும் கடுமை. ஐஸ்கிரீம் உறைவதற்கு மரவாளியில் ஐஸோடு உப்பைக் கொட்டுவார்களே, அதே சங்கதிதான்.

சரி, என்ன செய்வது? முதலில் என்ஜினை நிறுத்த வேண்டும். அப்புறம் ஆளைக் கவனிக்க வேண்டும், விரல் பிறகுதான். சுத்தமான துணியைக் காயத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக் கையை மார்புக்கு மேல் தூக்கி வையுங்கள். வீங்குவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். மஞ்சள், காபிப் பொடி, டீசல் எதுவும் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் சோடா, டீ என்று யாரும் ஊற்றவும் கூடாது. (நம் ஜனங்களுக்கு ஊற்றாவிட்டால் மனசு ஆறாது!)

விரலில் அழுக்கிருந்தால் குடிதண்ணீரில் லேசாக அலசினால் போதும், தேய்க்கக் கூடாது. ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, தண்ணீர் புகாமல் வாயை இறுகக் கட்டுங்கள். இன்னொரு பையில் ஐஸும் நல்ல தண்ணீருமாகப் போட்டு அதற்குள் இந்தப் பையை வையுங்கள். தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் அறுத்துவிடாமல் அப்படியே சேர்த்துக் கட்ட வேண்டும்.

இப்படிக் கொண்டுவந்த விரல் 24 மணி நேரம் வரைகூடத் தாங்குவதுண்டு. மணிக்கட்டுக்கு மேலே போனால் தசை அதிகம். குளிர வைக்காவிட்டால் 6 மணி நேரத்துக்கு மேல் தாங்காது. நசுங்கிய விரலை எப்போதும் ஒட்டவைக்க முடிவதில்லை. ஆனாலும் எடுத்துப் போங்கள், அதன் தோலாவது உதவும். கடலில் இருந்தால் வயர்லெஸ்ஸில் 16-ம் சேனல், கடலோரக் காவல் படைக்கு 1554, கரையில் ஆம்புலன்ஸ் காத்திருக்க 108.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகைப் பழுதுபார்க்கும் காலம் அதுதான். பெல்ட்டுக்கும் செயினுக்கும் தகரத்தில் ஒரு மூடி அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். படகு வாங்க நகையைக் கழற்றிக் கொடுத்தவள் இதைக் கேட்கக் கூடாதா என்ன? கடலுக்குப் புறப்படும்போது மோதிரத்தையும் தோள் துண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாவரைக்கிற கிரைண்டர் முன்னால் நிற்கிற நமக்கும் இதே பக்குவம்தான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

பழைய வேட்டித் துணியைக் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, இரண்டு கனமான பிளாஸ்டிக் பைகளோடு ஒரு டப்பாவில் போட்டு மூடிக் கட்டுச்சோற்றோடு கொடுத்தனுப்புங்கள். மாதம் ஒருமுறை திறந்து பார்த்து, உப்புக்காற்றில் நமுத்திருந்தால் துணியை மாற்றிவிடுங்கள்.