எமது உடலும் கணக்கில் வரவேண்டும்!

உடற் பருமனைக் குறைக்கும் ஊசிமருந்தைப் பற்றிய பேச்சு இன்று வைத்தியசாலை வாசலிலும் கேட்கிறது, சந்தைக் கடையிலும் கேட்கிறது. "வாரம் ஒருமுறை அந்த ஊசியைப் போட்டவர் ஆளே மாறிப்போனார்" என்கிறார் ஒருவர். "என் மைத்துனரும் அதையேதான் போட்டார், காசு கரைந்ததேயன்றி வயிறு கரையவில்லை" என்கிறார் மற்றொருவர். இருவரில் எவர் பொய்யர்? எவருமில்லை. இருவர் கூற்றும் உண்மை. அவ்வாறு இரண்டும் உண்மையாவது எப்படி என்பதே இன்று உலக வைத்திய அறிஞரை ஆட்டிப்படைக்கும் கேள்வி.

இஃது வைத்தியர் பேசவேண்டிய பொருளன்றோ, அரசியல் ஏட்டுக்கு இதில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவலாம். வேலை உண்டு. எவருடைய உடலை அளந்து ஒரு மருந்தின் அளவு வகுக்கப்படுகிறது, எவருடைய உடல் அளக்கப்படாமலே விடப்படுகிறது என்பது வைத்தியத்தோடு நின்றுவிடும் வினாவன்று. அது உரிமை பற்றிய வினா. ஆகவேதான் பேசுகிறோம்.

ஊசி செய்யும் வேலை

நாம் உண்ணும்போது எமது குடலிலிருந்து ஜீ.எல்.பி.-1 என்னும் ஓமோன் சுரக்கிறது. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. இரைப்பை காலியாவதைத் தாமதிக்கிறது. 'போதும்' என்று மூளைக்குச் செய்தி சொல்கிறது. செமக்ளூற்றைட் போன்ற மருந்துகள் இந்த ஓமோனைப் போலவே நடிப்பவை. முதலில் நீரிழிவுக்கென வந்த செமக்ளூற்றைட், 2021ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்காவில் உடல் எடை குறைப்புக்கும் அனுமதிக்கப்பட்டது. இவ்வகை மருந்துகள் சிலவற்றை, நீரிழிவோடு இருதய நோய் அல்லது சிறுநீரக நோயும், பருமனும் உடையவர்களுக்கென, உலக சுகாதார நிறுவனம் 2025இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. எனவே இவை செல்வந்தரின் அழகு சாதனங்கள் என்று ஒதுக்கிவிடத் தக்கவையல்ல. நாளை எமது அரச வைத்தியசாலைகளின் மருந்தகங்களுக்கும் வந்து சேர வேண்டியவை.

இம்மருந்தைப் பற்றி 2021இல் வெளிவந்த பெரும் பரிசோதனையில் 1,961 பேர் பங்குகொண்டனர். 68 வாரங்களின் முடிவில், மருந்து பெற்றவர்கள் சராசரியாகத் தம் எடையில் நூற்றுக்கு 14.9 பங்கை இழந்தனர். வெறும் ஊசி பெற்றவர்கள் இழந்தது 2.4 பங்கே. விளம்பரம் செய்வோர் இச்சராசரியோடு நிறுத்திக்கொள்கின்றனர். நாமோ சராசரிக்குள்ளே புகுந்து பார்ப்போம். மருந்து பெற்ற நூறு பேரில் ஏறத்தாழ முப்பத்திருவர் தம் எடையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் இழந்தனர். ஏறத்தாழ பதினான்கு பேரோ நூற்றுக்கு ஐந்து பங்கைத்தானும் இழக்கவில்லை. மருந்து ஒன்று, அளவு ஒன்று, பலனோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இதில் வியப்பென்ன என்று கமக்காரர் கேட்பார். வலிகாமத்துச் செம்மண்ணுக்கு இட்ட உரத்தை அதே அளவில் வன்னிக் குளத்தின் கீழுள்ள வயலுக்கும் இட்டால் விளைச்சல் ஒன்றாகுமா? மண்ணைப் பாராமல் உரமிடுவோனை நாம் கமக்காரன் என்று கூறுவதில்லை. உடலும் ஒரு நிலமே. அந்நிலத்தின் இயல்பில் ஒரு பகுதி எமது பரம்பரையலகுகளில், அதாவது மரபணுக்களில், எழுதப்பட்டிருக்கிறது.

ஒருவருக்கு அமுதம், மற்றவருக்கு நீர்

இதற்குத் தெளிவான சான்று லெப்டின் என்னும் ஓமோனின் வரலாறு. உடற் கொழுப்பிலிருந்து சுரந்து பசியை அடக்கும் இதனை 1994இல் அமெரிக்க அறிஞர் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டுபிடித்தனர். 1997இல், பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த நெருங்கிய உறவுப் பிள்ளைகள் இருவருக்கு லெப்டினை ஆக்கும் மரபணுவே பழுதுபட்டிருப்பதை இங்கிலாந்து அறிஞர்கள் கண்டனர். அவர்களுள் ஒன்பது வயதுச் சிறுமியின் எடை 94 கிலோ. பெற்றோர் கண்டபடி ஊட்டினர், பிள்ளை அடங்காமல் உண்டது என்று உலகம் பழி சொல்லியிருக்கும். லெப்டினை ஊசி மூலம் கொடுத்ததும் ஓராண்டில் 16 கிலோ குறைந்தது. அதே லெப்டினைச் சாதாரணப் பருமன் உடையோருக்குக் கொடுத்தபோதோ பெரும்பாலோரிடம் சொல்லத்தக்க பலன் இல்லை. குறைபாடு எங்கேயோ அங்கே மருந்து பலித்தது. குறைபாடு இல்லாத இடத்தில் அது வெறும் நீராயிற்று.

2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செற்மெலனோற்றைட் என்னும் மருந்தும் இவ்வழி வந்ததே. பசியை ஆளும் நரம்புப் பாதையில் குறிப்பிட்ட சில மரபணுக்கள் பழுதடைந்தோருக்கென்றே அது ஆக்கப்பட்டது. அவற்றுள் ஒரு மரபணு பழுதடைந்த 10 பேரில் 8 பேர் ஓராண்டில் தம் எடையில் பத்திலொரு பங்கேனும் இழந்தனர். அதே பாதையில் வேறொரு மரபணு பழுதடைந்த 11 பேரில் அவ்வாறு இழந்தவர் 5 பேரே. ஒரே பாதையில் ஓரிடம் தள்ளிப் பழுது நேர்ந்தாலும் பலன் வேறாகிறது.

ஆனால் இவை அரிதான நோய்கள். ஊரிலே காணும் சாதாரணப் பருமனுக்கு ஒரேயொரு மரபணு காரணமாவதில்லை. நூற்றுக்கணக்கான சிறு மாற்றங்கள் கூடிச் செய்யும் வேலை அது. அவ்வாறாயின் செமக்ளூற்றைட் போன்ற ஊசி எவருக்குப் பலிக்கும் என்பதை மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிடலாமா? இங்கே நாம் நேர்மையாகப் பேசவேண்டும். 2023இல் 4,571 நீரிழிவு நோயாளரை ஆராய்ந்தோர், இம்மருந்து போய்ப் பற்றும் ஏற்பியின் மரபணுவிலுள்ள மாற்றம் ஒன்று சர்க்கரை குறைவதைச் சிறிதளவு பாதிப்பதாகக் கண்டனர். ஆனால் அது சர்க்கரை பற்றியது, எடை பற்றியதன்று. 2025இல் ஆறு நாடுகளின் உயிர்த்தரவு வங்கிகளைத் திரட்டி, இவ்வகை மருந்து பெற்ற 6,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, எடை குறைவதோடு உறுதியான மரபணுத் தொடர்பு எதுவும் புலப்படவில்லை. பெண்கள் ஆண்களைவிட அதிகம் இழக்கின்றனர். நீரிழிவு உள்ளோர் இல்லாதோரைவிடக் குறைவாக இழக்கின்றனர். இவை ஐயமின்றித் தெரிந்தவை. மரபணுவின் பங்கு இன்னும் முழுதாக அளக்கப்படவில்லை.

ஆகவே, 'உமிழ்நீரைத் தாருங்கள், உங்களுக்குரிய ஊசியைச் சொல்கிறோம்' என்று காசு கேட்பாரைக் கண்டால் எம் மக்கள் ஒருமுறைக்கு இருமுறை சிந்திக்கவேண்டும். வெங்காயம் விற்ற காசு அவ்வளவு மலிவானதன்று.

அளந்தது எவரை?

இனி எமது வழக்கின் மையத்துக்கு வருவோம். உறுதியான தொடர்பு புலப்படவில்லை என்கிறார்களே, எவரிடம் தேடிப் புலப்படவில்லை? உலகில் நடந்த மரபணு ஆராய்ச்சிகளிற் பங்குகொண்டோருள் ஐரோப்பிய வம்சாவளியினர் 2009இல் நூற்றுக்கு 96 பேர். 2016இலும் நூற்றுக்கு 81 பேர். முன்னர்ச் சொன்ன 1,961 பேர் பரிசோதனையிலும் நால்வரில் மூவர் வெள்ளையர். நூற்றுக்குப் பதின்மூவர் 'ஆசியர்'. அந்த ஒரு சொல்லுக்குள் யப்பானியரும் அடக்கம், தமிழரும் அடக்கம்! யப்பானிலும் தென்கொரியாவிலும் 401 பேரைக் கொண்டு தனிப் பரிசோதனை நடத்தினர். அங்கும் எடை நூற்றுக்கு 13 பங்கு குறைந்தது. நல்லது. அவர்கள் கேட்டார்கள், விடை பெற்றார்கள். நாம் கேட்டோமா?

எமது உடல் வேறு கணக்கில் ஓடுகிறது என்பதற்குச் சான்று இல்லாமலில்லை. 2004இல் புனே நகரத்து வைத்தியர் யாஜ்னிக், இலண்டன் வைத்தியர் யட்கின் ஆகிய இருவரின் உடல்களும் அளக்கப்பட்டன. உயரத்துக்கும் எடைக்குமுள்ள விகிதம் இருவருக்கும் 22.3 என ஒன்றாகவே இருந்தது. ஆயின் இலண்டன் வைத்தியரின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1, புனே வைத்தியரின் உடலில் 21.2! பார்வைக்கு மெலிந்தவர், உள்ளே கொழுத்தவர். தென்னாசியர் குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கு ஆளாகும் மர்மத்தின் ஒரு பகுதி இதுவே. இதனாலேயே அவ்வாண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியருக்கு 23, 27.5 என்ற எல்லைகளையும் கருத்திற் கொள்ளுமாறு கூறிற்று. பிரித்தானிய நாட்டிலும் தென்னாசியருக்கு எல்லை குறைத்தே வைக்கப்பட்டுள்ளது. அவ்வாறிருக்க, 30 என்ற ஐரோப்பிய எல்லையை வைத்துக்கொண்டு 'உமக்கு மருந்து வேண்டியதில்லை' என்று எமது கமக்காரரைத் திருப்பியனுப்பினால், அது அறிவியலுமாகாது, நீதியுமாகாது.

வம்சாவளியைப் பாராமல் மருந்து கொடுத்தால் விளையும் தீமைக்கு வேறோர் உதாரணமும் உண்டு. வலிப்புக்குக் கொடுக்கும் காபமஸெப்பின், குறிப்பிட்ட ஒரு மரபணு மாற்றம் உடையோரிடம் தோலையே உரித்துவிடும் கொடிய எதிர்விளைவை உண்டாக்கலாம். அம்மாற்றம் ஆசியரிடமே அதிகம். 2007இல் அமெரிக்க அரசு அதனை எச்சரிக்கையாக மருந்துக் குறிப்பிலேயே எழுதச் செய்தது. தாய்வானில் தேடியதால் தெரிந்தது. தேடாதிருந்தால் தெரிந்திராது.

பிரித்தானியாவில் எமது குருதி

உலகின் மரபணு வேறுபாடுகளைத் தொகுத்த 'ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம்' 2015இல் 26 மக்கட் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் விபரங்களை வெளியிட்டது. அதில் இலங்கைத் தமிழர் ஒரு தனிக் குழு, 102 பேர். ஆனால் அந்தக் குருதி பெறப்பட்டது யாழ்ப்பாணத்திலன்று, மட்டக்களப்பிலன்று, வவுனியாவிலுமன்று. பிரித்தானிய நாட்டில் வாழும் எம்மவரிடமிருந்து பெறப்பட்டது. அவர்கள் மனமுவந்து கொடுத்தனர், அவர்களை வாழ்த்துகிறோம். ஆயினும் சிந்தியுங்கள்! 2005, 2006ஆம் ஆண்டுகளில் இந்நாட்டில் நீரிழிவைக் கணக்கெடுக்கச் சுமார் 5,000 பேரைத் தெரிவுசெய்தபோது, ஒன்பது மாகாணங்களில் ஏழே சேர்க்கப்பட்டன. வடக்கும் கிழக்கும் போரைக் காரணமாகக் காட்டி விடப்பட்டன. அக்கணக்கே வெகுகாலம் 'இலங்கையின் நீரிழிவுக் கணக்கு' என்று உலகெங்கும் எடுத்துக்காட்டப்பட்டது. எமது மரபணு பிரித்தானியாவிற் பதிவாயிற்று. எமது நோயோ சொந்த மண்ணிற் பதிவாகவில்லை. பின்வந்த கணக்கெடுப்புகள் அக்குறையை ஓரளவு நிரப்பின என்பதை மறைக்கமாட்டோம். மருந்தின் பலனும் மரபணுவும் பற்றிய ஆராய்ச்சியில் அதே குறை மீண்டும் நேர்ந்துவிடக் கூடாது என்பதே எமது வாதம்.

இவ்விடத்தில் எம்மவருக்கும் ஒரு வார்த்தை. மரபணுவென்றதும் 'எமது இரத்தம் தனி இரத்தம்' என்று மார்தட்டப் புறப்படுவோர் எப்பக்கத்திலும் உண்டு. அறிவியல் அவர்களுக்குத் துணை நிற்காது. மனித வேறுபாட்டில் நூற்றுக்கு 85 பங்கு ஒவ்வொரு மக்கட் குழுவுக்குள்ளேயே இருக்கிறது என்று 1972இலேயே ரிச்சர்ட் லெவொன்ரின் கணக்கிட்டுக் காட்டினார். ஒரே வயிற்றிற் பிறந்த அண்ணனுக்குப் பலிக்கும் ஊசி தம்பிக்குப் பலிக்காமற் போகலாம். நாம் கோருவது பெருமையன்று, அளவையே. கூலியின்மையும், நல்லுணவின் விலையும், வேலியோரக் கடையில் விற்கும் சீனிப் பானமும் பருமனுக்குக் காரணங்கள் என்பதை மரபணுவின் பெயரால் மூடிமறைக்கவும் நாம் இடங்கொடோம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, இம்மருந்துகளை அரச செலவில் வாங்கும் நாள் வருமுன், வடக்கு கிழக்கு மக்களையும் மலையக மக்களையும் உள்ளடக்கிய பரிசோதனை இந்நாட்டில் நடைபெற வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வைத்தியக் கல்வி நடைபெறுகிறது. அறிவு உண்டு, வேண்டியது பணமும் பணிப்புமே.

இரண்டாவது, குருதி பெறுமுன் ஒப்பமிடும் பத்திரம் தமிழில் இருக்கவேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. விளங்காத மொழியில் இட்ட ஒப்பம் சட்டத்தின் கண்ணில் ஒப்பமாகுமா? ஆகாது.

மூன்றாவது, பெற்ற விபரம் பாதுகாக்கப்பட வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணு விபரத்தை விசேட பாதுகாப்புக்குரியதாகக் கொள்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. அமெரிக்காவில் 2008இல் இயற்றிய சட்டம், மரபணுவைக் காரணங்காட்டி வேலையையோ சுகாதாரக் காப்புறுதியையோ மறுப்பதைத் தடுக்கிறது. ஆயுட் காப்புறுதியை அது தொடவில்லை. அந்த ஓட்டையும் இல்லாத சட்டமே எமக்கு வேண்டும். எம் சந்ததியின் இரகசியம் வணிகர் கையிற் பண்டமாகக் கூடாது.

நான்காவது, ஊசி பலிக்காதவரை உண்டி சுருக்காதவர், ஒழுக்கமற்றவர் என்று பழிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். மருந்தை நிறுத்தியவர்கள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டிலே மீளப் பெற்றதையும் ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. இது மனவுறுதியின் குறையன்று, உடலின் இயல்பு. இதனை வைத்தியர்கள் நோயாளருக்கு முதல் நாளே எடுத்துரைத்தல் கடன்.

எம் மக்களுக்கு விளங்கும் மொழியிற் சொல்வதானால், விதைநெல்லை அயலூரிலிருந்து வாங்கலாம், வாங்குகிறோம். ஆயினும் அதை எமது வயலில் ஒரு பாத்தியிலேனும் விதைத்துப் பார்த்த பின்னரே முழு வயலுக்கும் இடுவோம். வயலுக்குக் காட்டும் அந்த நிதானத்தை எமது உடலுக்கும் காட்டும்படியே அரசையும் அறிஞரையும் கேட்கிறோம். கேட்பது சலுகையன்று. கணக்கில் வருவது குடிமகனின் முதல் உரிமை!