தாத்தாவின் கார் எங்கே போகும்?

காஞ்சீபுரத்துப் பெரியவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. அது நாற்பது ஆண்டுக் கணக்கு. வரதராஜப் பெருமாள் கோவில் குளத்திலிருந்து அத்திவரதர் நாற்பது ஆண்டுக்கு ஒரு முறைதான் வெளியே வருவார். 1979-ல் வந்தார். பிறகு 2019-ல் வந்தார்.

1979-ல் எந்தக் காரில் காஞ்சீபுரம் வந்தீர்கள் என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பெயர்களைத்தான் சொல்வார்கள். ஒன்று அம்பாசிடர். மற்றொன்று பியட். 2019-ல் வந்த கார்களின் பெயரைச் சொல்லி முடியாது. ஆனால் அம்பாசிடரையும் பியட்டையும் அங்கே தேடித்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கார்கள் எல்லாம் எங்கே போயின? பல கார்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. சில கார்கள் இன்னும் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தியபடி நிற்கின்றன. அப்படிப்பட்ட வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கும்.

"அப்பா, இது சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. கொடுத்துடலாம்" என்பான் மகன்.

"நீ பொறந்தப்ப உங்க அம்மாவையும் உன்னையும் ஆஸ்பத்திரியிலேருந்து இதுலதாண்டா கூட்டிக்கிட்டு வந்தேன்" என்பார் தகப்பனார்.

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இப்போது இந்தப் பேச்சில் மூன்றாவது ஆளும் சேர்ந்திருக்கிறார். அவர்தான் அரசாங்கம். பழைய காரை வைத்திருக்க இனி கூடுதல் கட்டணம் கொடு என்கிறார் அவர். அது என்ன கணக்கு என்று பார்ப்போம்.

ஏன் இந்தப் பாசம்?

அம்பாசிடர் 1957-ல் வந்தது. மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி அதைச் செய்தது. இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு கார்தான் அதற்கு மூலம். பியட் காரைப் பம்பாயில் பிரிமியர் கம்பெனி செய்தது. அதுவே பின்னர் பத்மினி என்று பெயர் பெற்றது.

அந்தக் காலத்தில் ஒரு கம்பெனி இத்தனை கார்தான் செய்யலாம் என்று அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்து வந்தது. கார் கேட்பவர்கள் அதிகம். கிடைக்கும் கார்களோ குறைவு. பணம் கட்டிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள் உண்டு. அவ்வளவு காத்திருந்து வாங்கிய காரை யார் சீக்கிரம் விற்பார்கள்? இருபது, முப்பது ஆண்டுகள் ஒரே கார்தான் வீட்டில் இருந்தது. மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு காந்தி ரோட்டில் பட்டு எடுக்க வந்ததும் அதே கார். அந்தப் பெண்ணின் மகளுக்குப் பட்டு எடுக்க வந்ததும் அதே கார்.

அம்பாசிடரின் ஆசனம் பலகை போல நீளமாக இருக்கும். கியர் கம்பி ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் இருந்ததால், முன்னாலேயே மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். குழந்தைகள் மடியில். சாப்பாட்டுக் கூடை காலடியில். பாசம் வளர இது போதாதா?

அம்பாசிடர் செய்வது 2014 மே மாதத்தில் நின்றது. நடுத்தரக் குடும்பங்களைக் கார் வாங்க வைத்த மாருதி 800 காரும் அதே 2014-ல்தான் நின்றது. பம்பாயின் அடையாளமாக இருந்த பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் தெருவை விட்டு விடைபெற்றது.

நம் வட்டாரத்துக் கார்கள்

காஞ்சீபுரம் என்றால் பட்டும் கோவிலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் காருக்கும் இந்த வட்டாரத்துக்கும் பழைய உறவு உண்டு. ஸ்டாண்டர்டு கம்பெனியின் தொழிற்சாலை வண்டலூரில் இருந்தது. 1961-ல் அங்கிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வந்தது. அதன் முன்மூடி முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். அதை வேடிக்கை பார்க்கவே பிள்ளைகள் கூடுவார்கள். அந்தக் கம்பெனி 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைச் செய்து பார்த்தது. அது எடுபடவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றது.

பத்து ஆண்டு கழித்து, 1998-ல், ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சாண்ட்ரோ கார் வெளியே வந்தது. நேற்று வந்தது போல இருக்கிறது அல்லவா? அந்த முதல் கார்களுக்கு இப்போது 25 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அவையும் பழைய கார்களின் வரிசையில் சேர்ந்துவிட்டன.

15 ஆண்டு ஆனால் ஓட்டக் கூடாதா?

"பதினைந்து வருஷம் ஆயிட்டா கார் செல்லாதாமே" என்று பலர் பயப்படுகிறார்கள். இது முழு உண்மை அல்ல.

இந்தப் பயம் டெல்லியிலிருந்து வந்தது. அங்கே காற்று மிகவும் கெட்டுப்போனது. 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டியும், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1-ந் தேதி முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு பெட்ரோல் போடக் கூடாது என்று டெல்லியில் தடை வந்தது. மக்கள் எதிர்த்தார்கள். சில நாட்களிலேயே அந்தத் தடை நிறுத்தி வைக்கப்பட்டது.

அது டெல்லி வட்டாரத்துச் சட்டம். தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அப்படி வயதுத் தடை இல்லை. இங்கே 15 ஆண்டு முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீசில் காரைக் காட்ட வேண்டும். கார் தகுதியாக இருந்தால் பதிவை 5 ஆண்டுக்குப் புதுப்பித்துக் கொடுப்பார்கள். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை இப்படியே செய்ய வேண்டும்.

ஆனால் கட்டணம்தான் ஏறிவிட்டது. முன்பு புதுப்பிக்க 600 ரூபாய். 2022 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அது 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி, 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 ரூபாய். மோட்டார் சைக்கிளுக்கு 2,000 ரூபாய். ஜி.எஸ்.டி. வரி தனி.

பத்தாயிரம் என்றதும் மலைப்பாக இருக்கும். ஐந்து ஆண்டுக்குப் பிரித்துப் பாருங்கள். ஆண்டுக்கு 2,000 ரூபாய். நாளைக்கு ஐந்தரை ரூபாய். காரை உண்மையாகவே ஓட்டுகிறவருக்கு இது பெரிய பாரம் அல்ல. இன்சூரன்சும் ரிப்பேரும்தான் பெரிய செலவு. ஓடாமல் நிற்கும் காருக்கோ, ஒவ்வொரு ரூபாயும் வீண் செலவு.

நடுவிலே 30 ஆண்டு

பழைய கார் புகை கக்கும் என்கிறது அரசாங்கம். விபத்து நேர்ந்தால் அதில் காற்றுப்பை இல்லை, பாதுகாப்பு குறைவு என்கிறது. உண்மைதான். அதே அரசாங்கம் மிகப் பழைய காருக்கு மரியாதையும் செய்கிறது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 ஆண்டு தாண்டிய கார், பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் பழைய உருவத்திலேயே இருந்தால், அது பாரம்பரியக் கார். அதற்குத் தனிப் பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். தினசரி வேலைக்கு ஓட்டக் கூடாது.

ஆகவே 20 வயதில் கார் பாரமாகிறது. 50 வயதில் அது பொக்கிஷமாகிறது. நடுவிலே இருக்கும் 30 ஆண்டு அதை யார் காப்பாற்றுவது? முதல் மாருதி 800 வெளிவந்தது 1983 டிசம்பரில். அதற்கு 50 வயது ஆக 2033 வரை காத்திருக்க வேண்டும். நம் மாவட்டத்துச் சாண்ட்ரோவுக்கு 2048 வரை.

வெளிநாடுகளில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் 30 வயதான கார் நல்ல நிலையில் இருந்தால் தனி நம்பர் பலகை கொடுத்து வரியில் சலுகை தருகிறார்கள். இங்கிலாந்தில் 40 வயதுக் காருக்குச் சாலை வரி இல்லை. நம் நாட்டிலும், ஆண்டில் சில நாட்கள் மட்டும் ஓடும் 30 வயதுக் காருக்கு ஒரு தனி வகை ஏற்படுத்தலாம். தினமும் ஓடும் காரும், பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வெளியே வரும் காரும் ஒரே அளவு புகையா விடுகின்றன? வயதை மட்டும் பார்க்கிற சட்டம் ஓட்டத்தையும் பார்க்க வேண்டும்.

பட்டுப் புடவை சொல்லும் பாடம்

அந்தச் சட்டம் வரும்போது வரட்டும். இன்று நாம் என்ன செய்வது? காஞ்சீபுரத்துப் பெண்களுக்கு இதற்கு விடை தெரியும். பாட்டியின் கல்யாணப் பட்டு நைந்து போகிறது. சிலர் அதை ஜரிகைக்காக விற்று விடுகிறார்கள். சிலர் பெட்டியில் பூட்டி வைத்துப் பூச்சிக்குக் கொடுக்கிறார்கள். புத்திசாலிகள் நல்ல பகுதியை வெட்டிப் பேத்திக்குப் பாவாடை தைக்கிறார்கள். புடவை போனாலும் பாட்டியின் கரை வீட்டில் தங்கி விடுகிறது.

எம்.ஜி.ஆரின் அம்பாசிடர் கார் சென்னை தியாகராய நகரில் அவருடைய நினைவு இல்லத்தில் இருக்கிறது. கோயம்புத்தூரில் ஜி.டி.நாயுடுவின் பெயர் சொல்லும் கார் மியூசியம் இருக்கிறது. பெரிய மனிதர்களின் காருக்கு மியூசியம் உண்டு. நம் தாத்தாவின் காருக்கு? பாவாடை போல ஒன்று இருக்கிறது. அதுதான் மாடல் கார்.

உள்ளங்கையில் ஒரு கார்

அசல் காரை அளந்து, அதே அளவில் சுருக்கிச் செய்வது மாடல் கார். 43-ல் ஒரு பங்கு என்பது இதில் பிரபலமான அளவு. அம்பாசிடரின் நீளம் சுமார் 4 மீட்டர் 30 சென்டிமீட்டர். 43-ஆல் வகுத்தால் 10 சென்டிமீட்டர். உள்ளங்கையில் நிற்கும். 64-ல் ஒரு பங்கு என்றால் விரல் நீளம்தான். துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றி இவற்றைச் செய்கிறார்கள்.

1934-ல் இங்கிலாந்தில் டிங்கி கார்கள் வந்தன. 1953-ல் மேட்ச்பாக்ஸ் கார்கள் வந்தன. மேட்ச்பாக்ஸ் என்றால் தீப்பெட்டி. அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் கொண்டு வரலாம் என்று ஒரு பள்ளிக்கூடத்தில் விதி இருந்ததாம். ஜாக் ஓடல் என்பவர் தம் மகளுக்காக ஒரு ரோடு என்ஜினைத் தீப்பெட்டியில் அடங்கும்படி செய்து கொடுத்தார். ஒரு பெண் குழந்தைக்காகச் செய்த பொம்மை உலகம் முழுவதும் பரவியது. நம் நாட்டிலும், கல்கத்தாவில், டிங்கியின் பழைய அச்சுகளை வைத்து 1960-களின் பிற்பகுதியில் நிக்கி என்ற பெயரில் கார்கள் செய்தார்கள்.

இது வெள்ளைக்காரன் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலையிலேயே சிறுவர்களின் மூன்று சக்கரத் தேர் வருகிறது. பிள்ளைத்தமிழில் ஆண் குழந்தைக்குச் சிறுதேர் உருட்டும் பருவம் என்றே ஒன்று உண்டு. பெரிய தேரைப் பார்த்த பிள்ளை சின்னத் தேர் கேட்டது. பெரிய காரைப் பார்த்த பிள்ளை சின்னக் கார் கேட்கிறது.

காஞ்சீபுரம் பொம்மைக்காரத் தெருவில் களிமண்ணாலும் காகிதக் கூழாலும் கொலு பொம்மைகள் செய்கிறார்கள். நவராத்திரிக் கொலுவில் படிக்குக் கீழே பூங்கா வைத்து, தெரு வைத்து, அதில் சின்னக் கார் நிறுத்துவதும் வழக்கம். அங்கே தாத்தாவின் காரையே, அதே நிறத்தில், நிறுத்தினால் என்ன? பிளாஸ்டிக் அம்பாசிடர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. நிறம் வேறாக இருந்தால் வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கலாம். அதன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி ஒட்டலாம்.

பொம்மை வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 முதல் அது கட்டாயம். வெளிநாட்டுப் பொம்மைக்கு வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் ஏறியது. ஆகவே சீமைச் சரக்கு விலை அதிகம். மிகப் பழைய பொம்மையின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதைக் கைக்குழந்தையிடம் கொடுக்காதீர்கள்.

வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்

கார் ஓடுகிறதா? வீட்டுக்கு உதவுகிறதா? அப்படியானால் கட்டணம் கட்டி வைத்திருங்கள். 50 வயதை நெருங்குகிறதா? பொறுத்திருங்கள். எதையும் மாற்றாமல் காப்பாற்றுங்கள்.

இரண்டும் இல்லை என்றால் கொடுத்து விடலாம். ஆனால் தெருவில் வரும் பழைய இரும்பு வியாபாரியிடம் கொடுக்காதீர்கள். பதிவு உங்கள் பெயரிலேயே இருக்கும். நாளை அந்த நம்பரை யாராவது தவறாகப் பயன்படுத்தினால் போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். அரசு அனுமதி பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால், அடுத்து வாங்கும் காருக்கு 25 சதவீதம் வரை வரிச் சலுகை தர மாநிலங்களுக்கு விதி இடம் கொடுக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டு, பதிவையும் ரத்து செய்து கொள்ளுங்கள்.

கொடுப்பதற்கு முன்பு ஒரு நாள் குடும்பத்தோடு அந்தக் காரின் முன்னால் நின்று படம் எடுத்துக் கொள்ளுங்கள். அது எப்போது வாங்கியது, என்ன விலை, யார் யார் அதில் போனார்கள் என்று தாத்தாவைச் சொல்லச் சொல்லி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதுவது பேரனாக இருக்கட்டும். அந்த நோட்டுக்குப் பக்கத்தில் சின்னக் காரை வையுங்கள்.

அத்திவரதர் அடுத்து வருவது 2059-ல். அன்று அந்தப் பேரன் தன் பேரப்பிள்ளைகளோடு காஞ்சீபுரம் வருவான். எந்தக் காரில் வருவானோ, நமக்குத் தெரியாது. ஆனால் 1979-ல் தன் தாத்தா எந்தக் காரில் வந்தார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அது தெரிந்திருக்க வேண்டும் என்றால், தாத்தாவிடம் இன்றே கேட்க வேண்டும்.