'கேட்டால் தருவோம்' போதாது: ஆய்வுத் தரவுகள் ஏன் பொதுவெளிக்கு வர வேண்டும்?

2024-ம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசில் பாதி, டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் போனது. ஒரு புரதம் எப்படி மடிந்து என்ன வடிவம் எடுக்கும் என்று கணிக்கும் 'ஆல்ஃபாஃபோல்டு' என்ற ஏஐ-யை உருவாக்கியதற்காக. சரி, அந்த ஏஐ எதைப் படித்து இதைக் கற்றுக்கொண்டது?

'புரோட்டீன் டேட்டா பேங்க்' என்ற பொதுத் தரவுக் கிடங்கிலிருந்துதான். 1971-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வெறும் 7 புரதங்களோடு தொடங்கியது இது. 'தரவை இங்கே சேர்த்தால்தான் கட்டுரையை வெளியிடுவோம்' என்று முக்கிய ஆய்விதழ்கள் பின்னாளில் விதி வைத்தன. கிடங்கு வளர்ந்தது. 2020-ல் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்த ஆல்ஃபாஃபோல்டு, சுமார் 1.7 லட்சம் புரத வடிவங்களைப் படித்துப் பயிற்சி பெற்றிருந்தது.

இதில் ஒரு சென்னைத் தொடர்பும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன் குழு 1963-ல் வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்', இந்தக் கிடங்குக்கு வரும் வடிவங்களின் தரத்தைச் சரிபார்க்க இன்றும் பயன்படுகிறது.

1970-களில் தரவைக் கொடுத்தவர்கள் யாரும் ஏஐ-யை மனதில் வைத்துக் கொடுக்கவில்லை. தரவை எதற்குப் பகிர வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. அது யாருக்கு, எப்போது, எதற்குப் பயன்படும் என்று சேகரித்தவருக்கே தெரியாது!

கேட்டால் கிடைக்குமா?

பல ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் 'தேவைப்படுவோர் கேட்டால் தரவு தரப்படும்' என்று ஒரு வரி இருக்கும். அதை நம்பிக் கேட்டால் என்ன ஆகும்? 2022-ல் வெளியான ஓர் ஆய்வில் அதைச் சோதித்தார்கள். தரவைத் தருவதாகச் சொல்லியிருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல் போனது. உண்மையில் கொடுத்தவர்கள் 122 பேர். சுமார் 7 சதவீதம், அவ்வளவுதான்.

எல்லாரும் மறைக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. மின்னஞ்சல் முகவரி மாறியிருக்கும். தரவு இருந்த மாணவரின் லேப்டாப் போயிருக்கும். 516 கட்டுரைகளை ஆராய்ந்த 2014-ம் ஆண்டு ஆய்வு ஒன்று, கட்டுரை வெளியான பிறகு ஒவ்வோர் ஆண்டும் தரவு கைவசம் இருப்பதற்கான வாய்ப்பு 17 சதவீதம் குறைவதாகச் சொன்னது. வரிப்பணத்தில் சேகரித்த தரவு, சத்தமில்லாமல் தொலைந்து போகிறது.

தவறைக் கண்டுபிடிக்க 3 ஆண்டுகள்

தாமதத்துக்கும் விலை உண்டு. கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடன், ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதத்துக்கு விழுகிறது என்றது அது. அரசுச் செலவைக் குறைக்கச் சொன்ன பலரும் இதை மேற்கோள் காட்டினார்கள்.

2013-ல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற அமெரிக்க ஆராய்ச்சி மாணவர் அவர்களின் எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஒரு ஃபார்முலாவில் 5 நாடுகள் விடுபட்டிருந்தன. வேறு சில தேர்வுகளும் கேள்விக்குரியவை. எல்லாவற்றையும் சரிசெய்தால் வளர்ச்சி 2.2 சதவீதம் என்று அவரது குழு காட்டியது. எக்செல் பிழையை ஒப்புக்கொண்ட ஆசிரியர்கள், தங்கள் மையக் கருத்து மாறவில்லை என்றார்கள். யார் பக்கம் சரி என்பது வேறு விவாதம். அந்தக் கோப்பு முதல் நாளே பொதுவெளியில் இருந்திருந்தால், விவாதமும் அப்போதே நடந்திருக்கும்.

ஏற்றிவிட்டால் போதுமா?

போதாது. 'data_final_2' என்று ஒரு கோப்பை எங்கோ ஏற்றிவிட்டுப் போவது பகிர்வு ஆகாது. 2016-ல் முன்வைக்கப்பட்ட 'ஃபேர்' கொள்கைகள் 4 விஷயங்களைக் கேட்கின்றன: தரவைத் தேடினால் கிடைக்க வேண்டும், எடுக்கும் வழி தெளிவாக இருக்க வேண்டும், வேறு மென்பொருளிலும் மற்ற தரவுகளோடும் சேர வேண்டும், மறுபடி பயன்படுத்த உரிமமும் விளக்கமும் இருக்க வேண்டும்.

நடைமுறையில் இது கஷ்டமில்லை. ஐரோப்பாவின் செர்ன் நடத்தும் 'செனோடோ' தளத்தில் இலவசமாகவே தரவை வைக்கலாம். டிஓஐ என்ற நிரந்தர எண்ணும் கிடைக்கும். ஒவ்வொரு பத்தியும் எதைக் குறிக்கிறது, அலகு என்ன, எப்போது, எங்கே அளந்தது என்று ஒரு பக்கக் குறிப்பு சேர்த்தால் பாதி வேலை முடிந்தது.

பயம் நியாயமானதா?

'நான் கஷ்டப்பட்டுச் சேகரித்ததை இன்னொருத்தர் எடுத்துக் கட்டுரை போட்டுவிட்டால்?' நியாயமான பயம்தான். அதற்காகவே சில மாதங்கள் கழித்துத் திறக்கும்படி தேதி குறிக்கும் வசதி பல கிடங்குகளில் இருக்கிறது. நோயாளிகளின் விவரங்களை அப்படியே திறந்துவிடக் கூடாது. அப்படி ஒரு தரவு இருக்கிறது என்ற தகவலை மட்டும் வெளியிட்டு, ஒரு குழுவின் அனுமதியோடு கொடுக்கலாம்.

உண்மையான தடை வேறு. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரைகளைத்தான் எண்ணுகிறார்கள். நல்ல தரவுத் தொகுப்புக்கு மதிப்பெண் இல்லை. இந்தியாவில் உயிரியல் தரவுகளுக்காக ஃபரிதாபாத்தில் 2022-ல் தேசியக் கிடங்கே வந்துவிட்டது. இடம் இருக்கிறது, ஊக்கம்தான் வேண்டும். பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வுக்குத் தரவு வெளியீட்டை நிதி நிறுவனங்கள் நிபந்தனையாக்கட்டும். வெளியிட்டவருக்குப் பல்கலைக்கழகங்கள் அதற்கான மதிப்பைக் கொடுக்கட்டும். இரண்டில் ஒன்று மட்டும் வந்தால், 'கேட்டால் தருவோம்' என்ற அந்த ஒற்றை வரி மாறப்போவதில்லை.