கதவு போனால் போகட்டுமா?

என் காரின் பின்கதவில் உள்ளங்கையளவு ஒரு பள்ளம். ஆம்பூர்க் கடைத்தெருவில் தோல் ஏற்றிக்கொண்டு பின்னால் நகர்ந்த ஒரு மினி லாரியின் உபகாரம். தகடு கிழியவில்லை, மடியவில்லை. வேலூரில் ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டு போனேன். கண்ணாடி அறையிலிருந்து வந்த இளைஞர் கதவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கதவையே மாத்திடலாம் ஸார், இன்ஷூரன்ஸ்தானே கொடுக்கப் போகுது" என்றார்.

அந்தத் 'தானே'யோடுதான் எனக்குச் சண்டை.

சாதாரணப் பாலிஸியில், ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு இரும்புப் பாகத்தின் விலையில் 40 சதவீதம் தேய்மானமென்று கழித்துக்கொண்டுதான் பணம் தருகிறார்கள். அதற்கு மேல் சின்னக் காருக்கு 1000 ரூபாய் நம் கையைவிட்டுப் போக வேண்டும். ஐந்து வருஷம் ஒன்றும் கேளாதிருந்து சம்பாதித்த 50 சதவீதச் சலுகையும் அடுத்த தடவை பறிபோகும். இதில் எதையாவது அந்த இளைஞர் சொன்னாரா? மூச்சு விடவில்லை!

புதுக் கதவு வந்தாலும் அது வெறும் கூடுதான், ஐயா. பழைய கதவின் கண்ணாடி, பூட்டு, ஒயர் எல்லாவற்றையும் கழற்றி அதில் மாட்டி, அதே பட்டறையில்தான் வர்ணம் அடித்தாக வேண்டும். பிறகென்ன 'கம்பெனி பினிஷிங்'?

தோல் வெட்டும் மேஜையருகே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். உண்ணிக் கடியின் தழும்போ முள் கீறலோ இருந்தால் அச்சைச் சற்று நகர்த்தி வைத்து வெட்டுவார்கள். ஒரு தழும்புக்காக முழுத் தோலையும் எறிகிறவன் மறுநாள் வேலைக்கு வர வேண்டியதில்லை.

தகடு கிழிந்தால், துரு தின்றால், விளிம்பு மடங்கினால் மாற்றத்தான் வேண்டும், மறுக்கவில்லை. பள்ளத்தை நிமிர்த்தாமல் விரற்கடை கனத்துக்குப் பட்டி பூசி மறைக்கிற டிங்கர்களுக்கும் நான் வக்கீல் அல்ல. அது வெயிலில் வெடித்து அவர்கள் பெயரைச் சொல்லும்.

கடைசியில் ஆம்பூரிலேயே ஒரு டிங்கர் பாயிடம் விட்டேன். உள் அட்டையைக் கழற்றினார். பின்னால் இரும்புக் கட்டையைக் கொடுத்து, பள்ளத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். கண்ணை மூடிக்கொண்டு தகட்டைத் தடவிப் பார்ப்பார், மறுபடி தட்டுவார். "கை சொல்லும் ஸார், கண்ணு ஏமாத்தும்" என்றார். மெல்லிய பட்டி, அதன்மேல் வர்ணம். இரண்டு நாளில் வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

பெரிய பட்டறைகள் எஸ்டிமேட் தாளில் இரண்டு பத்தி போடட்டும்: நிமிர்த்தினால் எவ்வளவு, மாற்றினால் எவ்வளவு, அதில் வண்டிக்காரன் தலையில் விழுவது எவ்வளவு என்று. போடுவார்களா?